அஞ்சுவதும் அஞ்சாததும்

செட்டிநாட்டுக் குருமாவுக்குக் கசகசா அரைத்து ஊற்றாவிட்டால் குழம்பு சேர்ந்து வராது. தேங்காயோடும் சோம்போடும் அது அன்றாடம் அரைபடும் வீடுகளில்கூட, எந்தச் செடியின் விதை அது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். அபினிச் செடியின் விதை. விதையில் மயக்கம் தரும் சரக்கு அநேகமாக இல்லை. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பாலின் சுவடு விதையில் ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை. மகன் வீட்டுக்கு மசாலா கட்டி அனுப்பும் காரைக்குடித் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இது.

காயிலிருந்து வடிந்த பால் காய்ந்து கெட்டிப்பட்டால் அபினி. 1800களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் பாடர்போர்ன் ஊரில் மருந்துக் கடை உதவியாளராக இருந்த ஃபிரீட்ரிஷ் செர்டூர்னர் என்ற இளைஞர் அபினியிலிருந்து ஒரு வெள்ளைப் படிகத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் மார்ஃபின். இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன; கடும் புற்றுநோய் வலிக்கு அதைத் தள்ளிவைத்துவிட்டு நம்பக்கூடிய வேறு மருந்து இன்னும் வரவில்லை. அபினிப் பாலை அரசு உரிமத்தோடு எடுத்து ஏற்றுமதியும் செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உழவர்கள் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமுச்சிலும் உள்ள அரசு ஆலைகள் வாங்கிப் பக்குவப்படுத்துகின்றன. காஜிப்பூர் ஆலை 1820-லிருந்து நடக்கிறது.

விளைவதெல்லாம் இங்கே. ஆனால் 2017-ல் ‘லான்செட்’ ஆணையம் வெளியிட்ட கணக்குப்படி, வலி தணிக்கும் அபினி வகை மருந்து இந்தியாவுக்கு எவ்வளவு தேவையோ அதில் 4 விழுக்காடுதான் நோயாளிகளைச் சென்றடைந்தது. அதே கணக்கில் அமெரிக்காவுக்குத் தேவையைப் போல 31 மடங்குக்கு மேல் போயிருந்தது. ஒரு பக்கம் வலியில் துடித்துச் சாகிறார்கள், இன்னொரு பக்கம் மருந்தாலேயே சாகிறார்கள். இரண்டுக்கும் காரணத்தைத் தேடிப் போனால், மருத்துவர் மருந்துச் சீட்டில் பேனா வைக்கும் அந்த இடத்தில் போய் நிற்போம்.

இந்தியாவின் கதை 1985-ல் தொடங்குகிறது. போதைப் பொருள் கடத்தலை ஒடுக்க அந்த ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டம் வந்தது. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 ஆண்டு சிறை என்கிற அளவுக்குக் கடுமை. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்க வேண்டுமென்றால் நாலைந்து உரிமங்கள் வேண்டும். வெவ்வேறு துறைகள் தரும் அந்த உரிமங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்கவும் வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றொன்று முடிந்துவிடும். பதிவேட்டில் ஒரு மாத்திரைக்குக் கணக்குத் தப்பினால் கைதாவோமோ என்ற அச்சம் வேறு. மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. 1985-ல் சுமார் 600 கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் பயன்பாடு, 1997-ல் 18 கிலோவுக்கு இறங்கியது. கடத்தல்காரரைப் பிடிக்க வீசிய வலையில் புற்றுநோயாளி சிக்கினார்.

இந்தப் போக்கைத் திருப்பியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவராக இருந்த எம். ஆர். ராஜகோபால். நண்பர்களோடு 1993-ல் அங்கே வலி தணிப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார். 2003-ல் ‘பாலியம் இந்தியா’ அமைப்பை நிறுவினார். மார்ஃபின் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்து அனுப்பலாம், ஒழுங்காகக் கணக்கு வைத்தால் அது வெளியே கசியாது என்று கேரளத்தில் நடத்திக் காட்டினார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ என்று தனியே பிரிக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடம் அங்கீகாரம் பெற்றால் போதும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பது அந்த அங்கீகாரத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் மார்ஃபின் கண்ணில் படாத மருத்துவமனைகளில் படித்துத் தேறிய மருத்துவர்கள்தான் இன்று நம் ஊர்களில் அனுபவசாலிகள். அறுவை சிகிச்சை தெரியும், மாரடைப்பைக் கையாளத் தெரியும், ஆனால் மார்ஃபின் மாத்திரைச் சீட்டு ஒன்று எழுதிப் பழகியிருக்க மாட்டார்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி தணிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதைப் படித்தவர்கள் இப்போதுதான் வெளியே வருகிறார்கள். சட்டத்தை ஒரு நாளில் திருத்திவிட முடிந்தது. பேனா பிடித்த கைக்குப் பழக்கம் வருவதற்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும்.

சொல்லித் தர வேண்டியது மலையளவு ஒன்றுமில்லை. வாய்ப் புற்றுநோய் கழுத்துக்குப் பரவிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறுபது வயது, மெலிந்த உடம்பு. பாராசிட்டமால் கேட்கவில்லை, டிராமடாலும் பற்றவில்லை. விவரம் தெரிந்த மருத்துவர் 5 மில்லிகிராம் மார்ஃபினில் தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதுவார். வலித்தால் மட்டும் போடுங்கள் என்று எழுத மாட்டார். வாய்வழி மார்ஃபின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி நாலு மணி நேரத்தில் அடங்கிவிடும். அது அடங்குவதற்குள் அடுத்தது உள்ளே போனால்தான் வலி தலைதூக்காது. வலி வரும்வரை காத்திருந்தால் அதை அடக்க ஒவ்வொரு முறையும் கூடுதலாக வேண்டியிருக்கும், நோயாளியும் கடிகாரத்தைப் பார்த்தபடி கிடப்பார். இரவு படுக்கும்போது இரண்டு மாத்திரையாகக் கொடுத்தால் நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம். இடையில் வலி மீறினால் போட்டுக்கொள்ள, ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைத் தனியாக எழுதிவைப்பார். குமட்டல் சில நாளில் சரியாகும், மந்தம் இரண்டு மூன்று நாளில் தெளியும். மலச்சிக்கல் மட்டும் மார்ஃபின் உள்ள மட்டும் விடாது. ஆகவே முதல் சீட்டிலேயே மலமிளக்கி மாத்திரையும் இருக்கும். இந்த ஒரு வரி விட்டுப்போன சீட்டைப் பார்த்தால், எழுதியவருக்கு மார்ஃபின் பழக்கமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

எழுதுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவையும் அவர் தேடுவார்: கிரியாட்டினின். மார்ஃபினைக் கல்லீரல் உடைக்கும்போது உண்டாகும் எம்-6-ஜி என்ற பொருளுக்கு மார்ஃபினைவிட வலு உண்டு, அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சர்க்கரை நோயில் சிறுநீரகம் தளர்ந்துபோனவருக்கு அது உடம்பிலேயே தேங்கும். முதல் நாள் சரியாக இருந்த அதே அளவு, நாலாம் நாள் ஆளை அடித்துப்போடும். அப்படிப்பட்டவருக்கு அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும், அல்லது ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற வேண்டும். சர்க்கரை நோயாளி இல்லாத தெரு ஒன்றைத் தமிழ்நாட்டில் காட்ட முடியாது. ஆகவே இது ஏதோ அபூர்வப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மார்ஃபின் ஏன் கேட்கிறது என்பதும், ஏன் கொல்லக்கூடும் என்பதும் ஒரே இடத்திலிருந்து பிறக்கிற செய்தி. மூளையிலும் தண்டுவடத்திலும் அபினிக்கென்றே ஏற்பிகள் இருப்பதை 1973-ல் கண்டுபிடித்தார்கள். செடியின் பாலுக்கு நம் மூளையில் எதற்கு இடம் என்ற கேள்விக்கு 1975-ல் விடை கிடைத்தது: உடம்பே தனக்கான வலி நிவாரணியைச் சுரக்கிறது, எங்கெஃபலின் என்று அதற்குப் பெயர். மார்ஃபின் அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே ஏற்பிகள் மூளைத் தண்டிலும், மூச்சுக்குத் தாளம் போடும் நரம்பணுக் கூட்டத்திலும் உள்ளன. ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது ‘மூச்சு இழு’ என்று கட்டளை இடுவது அந்தக் கூட்டம்தான். மார்ஃபின் அளவு மீறினால் அந்தக் கட்டளை மங்கும். சிறிதாகத் தொடங்கி, வலியின் அளவுக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டு போனால் மங்காது. மூச்சு குறைவதற்கு முன்பே ஆள் தூங்கி வழிவார், எழுப்பினால் எழ மாட்டார். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கும். பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் செவிலியருக்கும் இந்த அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் விபரீதத்துக்கு முன்பே தெரிந்துவிடும். மருத்துவமனையில் நலாக்ஸோன் ஊசி இருந்தால் சில நிமிடங்களில் மார்ஃபினை இருக்கையிலிருந்து தள்ளிவிடலாம்.

இத்தனை அச்சத்தோடு மார்ஃபினைப் பூட்டிவைத்திருக்கும் நாம், இன்னொரு மாத்திரையிடம் என்ன அச்சம் காட்டினோம்? எந்தக் கடைவீதியிலும் மாலை நேரத்தில் காதில் விழக்கூடிய பேச்சு இது:

“தம்பி, ராத்திரிக்குப் போடுற அந்தச் சின்ன மாத்திரை ஒரு அட்டை குடு.”

“ஆச்சி, அதுக்குச் சீட்டு வேணுமே.”

“சீட்டு வீட்டுல கெடக்கு. மூணு வருசமா அதேதானப்பா போடுறேன்.”

அட்டை கைமாறிவிடும். ஆச்சி கேட்டது ஆல்பிரசோலம். அதன் குடும்பத்தின் மூத்த பிள்ளைகள் 1960-ல் வந்த லிப்ரியமும் 1963-ல் வந்த வேலியமும். ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கியவை. மூளையில் காபா என்ற ஒரு பொருள் நரம்பணுக்களின் ஆரவாரத்தை அடக்குகிறது. இந்த மாத்திரைகள் அந்தக் காபாவின் கையை ஓங்கச் செய்கின்றன. பதற்றம் தணியும், தசை தளரும், தூக்கம் வரும். சில வாரங்களில் மூளை அதற்கு ஈடுகொடுத்துப் பழகிக்கொள்ளும். அதன்பின் மாத்திரை தூக்கத்தைத் தருவது குறைந்து, போடாவிட்டால் தூக்கமே வராது என்ற நிலை மட்டும் மிஞ்சும். அதனால்தான் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு மேல் எழுதாதீர்கள் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆச்சி மூன்று ஆண்டாகப் போடுகிறார்.

சட்டத்தில் ஓட்டை இல்லை. ஆல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம், டிராமடால் உள்ளிட்ட 46 மருந்துகள் அட்டவணை எச்-1-ல் வைக்கப்பட்டன. 2014 மார்ச் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. விற்கும்போது எழுதியவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். டிராமடால் 2018-ல் என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஆனாலும், மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில், மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை வகைகளைப் பயன்படுத்துவோர் 1.18 கோடி என்று தெரிந்தது.

அந்த ஆச்சியின் வீட்டுக்குள் கொஞ்சம் போவோம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும்; அத்தனை பெரிய வீட்டில் அவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும். படுக்கை வளவு அறையில், குளியலறையும் கழிப்பறையும் பின்கட்டில். இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் உயரமான நிலைப்படிகளைத் தாண்டி, முற்றத்து ஓரமாக நடந்து, வழவழவென்று தேய்ந்த ஆத்தங்குடிக் கல் தரையைக் கடக்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் மருந்தை உடம்பு மெல்லத்தான் வெளியேற்றும். பத்து மணிக்குப் போட்ட மாத்திரை இரண்டு மணிக்கும் தசைகளைத் தளர்த்தியே வைத்திருக்கும்; கால் எங்கே வைக்கிறோம் என்ற நிதானம் மட்டுப்பட்டிருக்கும். இடுப்பெலும்பு முறிவு அங்கேதான் நடக்கிறது. விழுந்ததற்குப் படியையும் ஈரத்தையும் குற்றம் சொல்வார்கள். தலைமாட்டில் இருக்கும் அட்டையை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

அவருடைய மஞ்சள் பையைப் பிரித்தால் இன்னும் விஷயம் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மதுரையில் எழுதிய டிராமடால். மனச்சோர்வுக்கு வேறொரு மருத்துவர் எழுதிய எஸிட்டலோபிராம். இருமலுக்குப் போன மாதம் வாங்கிய கோடீன் கலந்த மருந்து. ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் பெரிய குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்தவர்தான் யாருமில்லை. டிராமடாலும் எஸிட்டலோபிராமும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, செரட்டோனின் மிகுந்து உடம்பு நடுங்கிக் கொதிக்கவும் கூடும். அபினி வகையோடு தூக்க மாத்திரை சேர்வது அதைவிட மோசம். முன்னது மூச்சுக்கான கட்டளையை மங்கச் செய்கிறது. பின்னது தொண்டைத் தசைகளைத் தளர்த்தி, மூச்சுத் திணறும்போது திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும் அந்தக் கடைசிக் காவலையும் உறங்க வைத்துவிடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே உயிருக்குக் கேடு செய்யாத அளவில் இருந்தாலும், இரண்டும் கூடினால் செய்யக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 ஆகஸ்டில் இந்தச் சேர்க்கைக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வைத்தது.

“தூக்கத்துலயே போயிட்டாக, புண்ணியவதி” என்று நம் பக்கம் சொல்வார்கள். எல்லாச் சாவையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் வயதானவர் தூக்கத்தில் இறந்தால் தலைமாட்டு அட்டைகளை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாதவரை, மாத்திரையால் போனவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியப் போவதில்லை.

அப்படியானால் மருத்துவர்களுக்குத் தொடர் கல்வி நடத்தினால் போதுமா என்று கேட்டால், யார் நடத்துவது என்று திருப்பிக் கேட்பேன். அமெரிக்காவில் நடந்தது இதற்குப் பாடம். 1980-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இருவர் ஓர் இதழுக்கு ஐந்தே வாக்கியத்தில் கடிதம் எழுதினார்கள்: மருத்துவமனையில் சேர்ந்து அபினி வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நாலு பேருக்குத்தான் அடிமைப் பழக்கம் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று. மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தவர்களின் கணக்கு அது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கடிதம் பிற்காலக் கட்டுரைகளில் 608 முறை எடுத்தாளப்பட்டதாக 2017-ல் எண்ணிச் சொன்னார்கள். 1996-ல் ஆக்ஸிகான்டின் மாத்திரையோடு வந்த பர்டியூ ஃபார்மா நிறுவனம், 2001-க்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட வலி மருத்துவ மாநாடுகளைச் சொகுசு விடுதிகளில் நடத்தியது. 5,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் முழுச் செலவும் நிறுவனத்தின் பொறுப்பில் கலந்துகொண்டார்கள். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இதைத் தாராளமாக எழுதலாம், பழக்கமாகாது என்று அவர்களுக்குப் பாடமாகவே போதிக்கப்பட்டது. அடிமையாக்கும் தன்மை குறித்துப் பொய்த் தோற்றம் தந்ததாக 2007-ல் அந்த நிறுவனத்தின் இணை நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021 என்ற ஒரே ஆண்டில் அங்கே அபினி வகைப் பொருட்களால் இறந்தவர்கள் 80,000-க்கும் மேல். அதற்குள் கொல்லும் சரக்கு பெரும்பாலும் கள்ளச் சந்தை ஃபென்டனிலாக மாறியிருந்தது. 2023 ஜூனிலிருந்து, கட்டுப்பாட்டு மருந்து எழுத உரிமம் பெறுகிற அமெரிக்க மருத்துவர் 8 மணி நேரப் பயிற்சியை முடித்தாக வேண்டும். தப்பாகப் படித்ததை மறக்கடிக்கவே அவர்கள் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் நாட்டில் 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகள், ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி வேண்டும் என்கின்றன. அந்த முப்பது மணியில் என்ன படிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சி.எம்.இ. என்று மருத்துவர்கள் குறிப்பிடும் அந்தக் கூட்டங்களில் பல நல்ல கூட்டங்கள் உண்டு. மருந்துக் கம்பெனி ஆதரவில், ஓட்டல் அரங்கில், புதிதாக வந்த மருந்தைப் பற்றிய பேச்சோடு முடிகிறவையும் உண்டு. மார்ஃபின் மாத்திரை விலை மலிவானது. அதைப் பற்றிக் கூட்டம் போட எந்தக் கம்பெனிக்கும் அவசரம் இல்லை. ஆல்பிரசோலத்தை எப்படி நிறுத்துவது என்று சொல்லித் தரவும் யாருக்கும் லாபம் இல்லை. ஆகவே இதை அரசும் மருத்துவக் கல்லூரிகளும்தான் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரைக்குடி இருக்கும் இந்த மாவட்டத்தில் 2012-லிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே போகிறது. புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட அந்தத் திட்டத்தின் செவிலியர் கிராமத்துக்குப் போய்விடுகிறார். வலிக்கு மார்ஃபின் கொடுக்க, பயிற்சி பெற்ற மருத்துவரின் கையெழுத்தும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையின் இருப்பும் அவருக்குப் பின்னால் இருந்தாக வேண்டும்.

இதற்கிடையே இன்னொரு திசையிலிருந்தும் நெருக்கடி வருகிறது. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் அடிக்கடி எழுதுகின்றன. மாத்திரையை உருட்டச் சேர்க்கும் மாவுப் பொருள் நுரையீரல் நாளங்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றும். ஒவ்வொரு கைதுச் செய்திக்குப் பிறகும் மருந்துக் கடைகள் பயந்து சில நாள் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் என்றால், முதலில் அடிபடுவது புற்றுநோயாளியின் வீடு. 1985-க்குப் பிறகு நடந்தது இன்னொரு முறை நடக்க விடக் கூடாது.

வகுப்பில் மருத்துவரோடு மருந்தாளுநரும் உட்கார வேண்டும். கனடாவின் கியூபெக்கில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது, 2014-ல் வெளிவந்தது. பல காலமாகத் தூக்க மாத்திரை போட்டுவந்த முதியவர்கள் 303 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, இந்த மாத்திரை வயதானவரை என்ன செய்யும், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று எளிய மொழியில் அச்சிட்ட ஒரு சிறு பிரசுரத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடைகளின் வாடிக்கையாளர் பட்டியலை வைத்தே அவர்களைத் தேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் 27 விழுக்காட்டினர் மாத்திரையை அறவே விட்டிருந்தார்கள். பிரசுரம் பெறாதவர்களில் 5 விழுக்காடு. அதே காகிதத்தைச் செட்டிநாட்டுத் தமிழில், ஆச்சிக்குப் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சடிக்க அதிகச் செலவாகாது. ஆனால் ஒன்றை அதில் தடித்த எழுத்தில் போட்டாக வேண்டும்: பயந்துபோய் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய மூளைக்கு மாத்திரை சட்டென்று நின்றால் நடுக்கம் வரும், தூக்கம் அடியோடு போகும், வலிப்பும் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நாலைந்து மாதம் ஆகலாம். நடுவில் ஒரு வாரம் தூக்கம் கெட்டால் அந்த அளவிலேயே சில நாள் நின்று, பிறகு மேற்கொண்டு குறைக்கலாம். பகல் தூக்கத்தை விட்டு, மாலைக் காபியை நிறுத்தினால் இந்த வேலை கொஞ்சம் எளிதாகும்.